குறிப்பிடப்படாத பதினான்கு பேர்

காலை ஐந்து மணிக்கு ஃபிஜியின் வாலு பே துறைமுகப் பக்கம் மீன் வாடையும் ரொட்டிக் கடையின் புளித்த மாவு வாடையும் கலந்து கிடக்கும். அந்தக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நாங்கள் இருபத்தாறு பேர் வேலை செய்தோம். அட்டையைக் கதவில் காட்டினால் பச்சை விளக்கு எரியும். உள்ளே குளிர். கணினிகள் சூடாகக் கூடாது என்பதற்காக வைத்த குளிர் அது. ஆட்களுக்காக அங்கே எதுவும் வைக்கப்படவில்லை. பெண்கள் கம்பளிச் சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவோம்.

ஐந்து அடிக்கும்போது ஆஸ்திரேலியாவிலிருந்து கோப்புகள் வந்து விழும். முந்தின நாள் அங்கே ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர்களின் கோப்புகள். பெயர் இருக்கும் இடத்தில் கறுப்புப் பட்டை. பிறந்த தேதி, பிறந்த நாடு, ஆணா பெண்ணா, நர்ஸ் எழுதியது, டாக்டர் எழுதியது. படித்து, நோய்க்குரிய குறியீட்டைப் போட்டு மூட வேண்டும். ஒரு கோப்புக்கு நான்கு நிமிடம். திரையின் ஓரத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வரும்.

ஜூன் மாதம் வரை ஐந்து நிமிடம் இருந்தது. சம்பளம் மாறவில்லை, நிமிடம்தான் போனது. ஆகவே இது சம்பள வெட்டு இல்லை என்று முதலாளி டெரன்ஸ் சொன்னார். எட்டு மணிக்குள் கண் எரிய ஆரம்பிக்கும். எங்களில் மூத்தவளான உனைசிக்கு வலது மணிக்கட்டு போய்விட்டது. பட்டை கட்டிக்கொண்டு இடது கையால் தட்டுவாள்.

எங்களுக்கு விதிகள் உண்டு. டாக்டர் எழுதாததை நாங்கள் எழுதக் கூடாது. டாக்டர் தெளிவாக எழுதவில்லை என்றால் அவருக்குக் கேள்வி அனுப்பலாம். அனுப்பினால் பதில் வரும்வரை கோப்பு மூடாது, எங்கள் எண்ணிக்கை விழும். அதனால் யாரும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் வரிசையின் கடைசியில் 'குறிப்பிடப்படாதது' என்று ஒரு குறியீடு இருக்கிறது. எதுவும் சரியாகப் பொருந்தாதபோது அதைப் போட்டு மூடிவிடுவோம். ஆண் உறுப்புகளின் நோய்களுக்கு அது ஐம்பது புள்ளி ஒன்பது.

"ஐம்பது புள்ளி ஒன்பது வந்திருக்கு. பொண்ணுங்கல்லாம் கண்ண மூடுங்க!" என்று கெலெபி தன் நாற்காலியிலிருந்து கத்துவான். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால் இருக்கும். என் பக்கத்து நாற்காலியில் இருந்த வசிதி எழுந்தாள். போர்த்தியிருந்த துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டு மூடினாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஷாயல், இங்க வந்து உக்காரு. என் முகத்தப் பாக்காத."

"என்னக்கா ஆச்சு?"

"பிறந்த தேதி என்னோடது. பிறந்த நாடு ஃபிஜி. இடது முன்கையில பழைய தீக்காயம், மீன் மாதிரி இருக்குன்னு நர்ஸ் எழுதியிருக்கா. ஆறு வயசுல அந்த அடுப்பத் தள்ளிவிட்டது நாந்தான். அதுக்கு மேல நான் படிக்கல."

வசிதியும் அவள் தம்பி இலைதியாவும் இரட்டையர். அவள் கால் மணி நேரம் மூத்தவள். போன வெள்ளிக்கிழமைதான் அலுவலகத்தில் அவளுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டினோம். இலைதியா ஒன்றரை வருடமாக ஆஸ்திரேலியாவில், உள்நாட்டில் எங்கோ ஒரு சிற்றூரில், காட்டுப்பன்றி இறைச்சி வெட்டும் தொழிற்சாலையில் இருந்தான்.

தெரிந்தவர் கோப்பு வந்தால் வேறொருவருக்குக் கைமாற்ற வேண்டும் என்பது அலுவலக விதி. ஆனால் அவள் திரும்பி நின்றது அதற்காக இல்லை. ஃபிஜியின் பூர்வகுடிகளான அவர்கள் வழக்கத்தில் வயதுக்கு வந்த அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவதே குறைவு. இடுப்புக்குக் கீழே உள்ள எதையும் ஒருவர் இருக்கும் இடத்தில் மற்றவர் காதால் கேட்கக் கூடாது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே இருவரில் ஒருவர் எழுந்து போய்விடுவார். மாமன் மகனிடம் மட்டும் எதையும் சொல்லலாம், எதையும் கேலி பண்ணலாம். கெலெபி அவர்களுடைய மாமன் மகன்.

"நான் பாக்கக் கூடாத விஷயமா அது?" என்று சுவரிடம் கேட்டாள்.

"நான் சொல்லக் கூடாதுக்கா. கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

அவள் என் நாற்காலிக்குப் போய் என் கோப்புகளைத் திறந்தாள். நான் துண்டை விலக்கினேன்.

மூன்று முறை வந்திருந்தான். முதல் முறை விசாரித்த நர்ஸ் ஒரு பெண். கால் வலி என்று சொல்லியிருக்கிறான். இரண்டாம் முறை டாக்டரும் பெண். இடுப்பு வலி என்று சொல்லியிருக்கிறான். மூன்றாம் முறை வேலை உடுப்போடு மயங்கி விழுந்து தூக்கி வந்திருக்கிறார்கள். ஆண் நர்ஸ் ஒருவர் உடுப்பை வெட்டியபோதுதான் பார்த்திருக்கிறார். மாலையில் காய்ச்சல், தூக்கத்தில் துணி நனையும் வியர்வை, மூட்டு வலி, உடம்பில் பன்றி வாடை என்றெல்லாம் அந்த நர்ஸ் எழுதியிருந்தார். டாக்டர் எழுதியது ஒரு வரி. 'விதைப்பையில் இடப்பக்க வீக்கம், ஏழு நாள் மாத்திரை, வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.' தொழில் என்ற கட்டம் காலி. அதன் கீழே: 'உடன் வந்த மேற்பார்வையாளர், வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார்.'

நான் நுண்ணுயிரியல் படித்தவள். மூன்றாம் ஆண்டுத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி இது. பன்றி இரத்தத்திலிருந்து கைக்காயம் வழியாக ஏறும் ஒரு கிருமி. மாலைக் காய்ச்சல், வியர்வை, மூட்டு வலி, விதையில் வீக்கம். ஏழு நாள் மாத்திரையில் அடங்கி மறுபடி வரும். சரியான மருந்து ஆறு வாரம். விட்டுவிட்டால் பிள்ளை பிறக்காமலும் போகலாம், எலும்புக்கும் போகலாம். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன்.

ஆனால் நான் டாக்டர் இல்லை. அவர் எழுதியதற்குப் பொருந்தும் குறியீடு ஒன்றுதான்.

என் கை கேள்விப் பொத்தானுக்குப் போனது அதுவே முதல் முறை. நோயாளியின் வேலை காட்டுப்பன்றி வெட்டுவதா, இரத்தம் சோதிக்கப்பட்டதா என்று எழுதி அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் டெரன்ஸ் என் பின்னால் நின்றார்.

"ஷாயல், என்ன இது?"

"கேள்வி, பாஸ்."

"யாரக் கேட்டு அனுப்பின?"

"டாக்டரத்தான் கேட்டிருக்கேன், பாஸ்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் வேண்டுமென்று அப்படிச் சொல்லவில்லை. எனக்கு முதலாளிகளிடம் பேச்சு வராது.

"நீ டாக்டரா?"

"இல்ல பாஸ்."

"இது அவருக்கு நோயச் சொல்லிக்கொடுக்கற கேள்வி. விதி தெரியுமில்ல?"

"அப்ப என்ன வேலைன்னு மட்டும் கேக்கறேன். அந்தக் கட்டம் காலியா இருக்கு."

"காலியா இருந்தா காலியாவே இருக்கட்டும்." குரலைத் தணித்தார். "இங்க பாரு. அந்த ஊருக்குச் சோறு போடறது அந்தப் பன்னித் தொழிற்சால. நமக்குச் சோறு போடறது அந்த ஊர் ஆஸ்பத்திரி. நடுவுல நீ எதுக்குக் கைய விடற? ஒரு கேள்வி போனா ரெண்டு நாள் தாமதம். தாமதம் வேண்டாம்னுதான் நம்மகிட்ட வந்திருக்காங்க."

"அந்த ஆளுக்குச் சரியான மருந்து கிடைக்கல, பாஸ்."

"எந்த ஆளு? பேர் இருக்கா அங்க? கறுப்புப் பட்டைதான இருக்கு?" என் தோளுக்கு மேலே கையை நீட்டிக் கேள்வியை அழித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இன்னிலேருந்து அந்த ஆஸ்பத்திரிக்குக் கேள்வி கிடையாது. பொத்தானையே எடுத்துடறேன். இது உன் பேர்ல ஒரு பிழை, ஷாயல். மூணு பிழை ஆனா வீட்டுக்குப் போகலாம். இப்ப மூடு."

அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் குறியீட்டைத் தட்டினேன். கோப்பு மூடிக்கொண்டது.

பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. பின்பக்க இரும்புப் படிக்கட்டில் உட்காருவோம். வசிதி கெலெபியின் முன்னால் வந்து நின்றாள்.

"டேய் மச்சான், உன் மச்சானுக்கு ஒரு போனப் போடு."

"ஏன், உனக்கு விரல் இல்லயா? தட்டித் தட்டித் தேஞ்சுபோச்சா?"

"போடுன்னா போடு. நான் கீழ ரொட்டி வாங்கப் போறேன். மெதுவாத்தான் வருவேன்."

கெலெபி அவள் முகத்தைப் பார்த்தான். கேலியை நிறுத்திக்கொண்டான். அவள் இறங்கிப் போனதும் போனில் கூப்பிட்டான்.

"என்னடா மச்சான், பன்னியெல்லாம் உன்னப் பாத்துக் கண்ணடிக்குதாமே? உங்கக்கா இங்க கவலப்படறா, உனக்கு அங்கயே கல்யாணம் ஆயிடும்னு..."

அப்புறம் அவன் சிரிப்பு நின்றது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "எவ்வளவு நாளா?" என்றான். "எத்தன பேரு?" என்றான். போனைக் கையால் பொத்திக்கொண்டு உனைசியிடமும் என்னிடமும் திரும்பினான்.

"சனிக்கிழம பிளேன்ல ஏத்தி அனுப்பறாங்களாம். வேலைக்கு லாயக்கில்லன்னு கடிதாசி குடுத்துட்டாங்க. பொம்பள சகவாசத்துல வந்த சீக்குன்னு மேற்பார்வையாளன் எல்லார் முன்னாலயும் சொன்னானாம். ஒரே வீட்டுல ஆறு பேருக்கு இருக்காம்."

"பொம்பளயா? எந்தப் பொம்பள?" என்றாள் உனைசி.

"அதையேதான் அவனும் கேக்கறான். ஆறு நாள் பன்னி, ஏழாம் நாள் சர்ச்சு. அந்த ஊர்ல கண்ணுல படற ஒரே பொம்பள தபால் ஆபீஸ்ல இருக்கறவளாம். அவளுக்கு எழுபது வயசாம்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நம்ம நைத்தாசிரி மாகாணத்துக்காரன் ஒருத்தன போன மாசமே இப்படி அனுப்பிட்டாங்க. நிச்சயம் பண்ணின பொண்ண மாமனார் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாரு. சர்ச்சுல பாட வராதன்னு சொல்லிட்டாங்களாம். இலைதியா அழறான். கையுறை கிழிஞ்சா அன்னிக்கு வேற தர்றதில்லயாம். மத்தியானத்துக்கு மேல வெறும் கைதான்."

கோப்பில் இருந்தது எதையும் நான் சொல்லக் கூடாது. சொல்லவும் இல்லை. பாடப்புத்தகத்துக்கு யாரும் கறுப்புப் பட்டை ஒட்டவில்லை.

"காட்டுப்பன்னி வெட்டறவங்களுக்கு ஒரு கிருமி வரும்," என்றேன். "பன்னி ரத்தத்துலேருந்து வர்றது. சாயங்காலம் காய்ச்சல் வரும். அங்க வீங்கும். ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியும். ஆறு வாரம் மருந்து சாப்பிட்டா சரியாகும். தப்பா நடந்துக்கிட்டதால வர்றதில்ல. கேக்கச் சொல்லு. ரத்தத்தச் சோதிங்கன்னு கேக்கச் சொல்லு."

அந்தப் படிக்கட்டில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். கெலெபி அதை அப்படியே போனில் சொன்னான். பதிலைக் கேட்டான். மெதுவாகப் போனை இறக்கினான்.

"கேட்டானாம். இன்னிக்குக் காலைல முதல் வேலையாப் போய்க் கேட்டிருக்கான். மூணு தடவ பாத்தாச்சு, குறிப்பா எந்த நோயும் இல்லன்னு கம்ப்யூட்டர்ல இருக்கு, இன்ஷூரன்ஸ் தராதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

கீழே லாரி ஒன்று பின்னால் போகும் சத்தம் கேட்டது.

கம்ப்யூட்டரில் அப்படி யார் போட்டது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முதல் தடவை, குறிப்பிடப்படாத கால் வலி. இரண்டாம் தடவை, குறிப்பிடப்படாத இடுப்பு வலி. இன்று காலை, என் விரல்.

"போன மாசம் எனக்கு ரெண்டு வந்துது," என்றாள் உனைசி. "ஃபிஜியில பிறந்தவங்க, அதே ஆஸ்பத்திரி. ரெண்டுக்கும் ஐம்பது புள்ளி ஒன்பதுதான் போட்டேன்."

"எனக்கு மூணு," என்றான் மேல்படியில் இருந்தவன்.

"எனக்கு ஒண்ணு. பிறந்த நாடு வனுவாத்து."

கெலெபிக்கு இரண்டு. கண்ணை மூடச் சொல்லிக் கத்தியவை. ஐந்து வாரத்தில், ஒன்பது பேர் கையால், பதினான்கு. தனித்தனியாக வந்ததால் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் என்ன வருகிறது என்று பார்க்க நான்கு நிமிடத்தில் இடமில்லை.

"கேள்விப் பொத்தான எடுத்துட்டாரே, என்ன பண்றது?" என்றான் கெலெபி.

உனைசி மணிக்கட்டுப் பட்டையை இறுக்கினாள். "திருத்தம் இருக்கே. அத அவர் எடுக்க முடியாது. அது ஆஸ்பத்திரி வச்சது. அவங்க பதிவேட்டு மேலாளருக்கு நேராப் போகும். நம்ம மூடின ஃபைல நம்மளே திறந்து, நான் போட்டது தப்புன்னு எழுதலாம்."

"நம்ம பேர்ல பிழையா ஏறுமே."

"ஏறும்."

"எனக்கு மூணு ஃபைலு. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடுவேன்," என்றான் மேல்படிக்காரன்.

"போவ," என்றாள் உனைசி. அவளுக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது.

அப்போது வசிதி ரொட்டியோடு படியேறி வந்தாள். எங்களைக் கண்டதும் பாதியில் நின்றாள். உனைசி மேலிருந்தே சொன்னாள்: "நம்ம ஆம்பளைங்க விஷயம். நீ கேக்க வேண்டியதில்ல. பதினாலு ஃபைலத் திறக்கறோம்."

"பதினாலுல என்னோடது எத்தன?"

"ஒண்ணு. என்ன குறியீடு போடறதுன்னு அன்னிக்கு என்கிட்டதான கேட்ட."

வசிதி படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாபகம் இருக்கு. வயசு இருபத்திரெண்டு. எல்லாத்தையும் படிச்சேன். கண்ண மூடல, முகத்தத் திருப்பல. நாலு நிமிஷம் கூட ஆகல, மூடிட்டேன். அவனுக்கும் எங்கயோ ஒரு அக்கா இருப்பால்ல." ரொட்டிப் பையை என் கையில் கொடுத்தாள். "நான் முதல்ல திறக்கறேன்."

உள்ளே போனோம். குளிர் முகத்தில் அடித்தது. வசிதி உட்கார்ந்து தன் கோப்பைத் திறந்தாள். காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே வரி எழுதினாள்: 'இவர் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.' மற்றவர்களும் அதையே எழுதினார்கள். நான் இலைதியாவின் கோப்பைத் திறந்தேன். இரண்டு முறை தப்பாகத் தட்டினேன்.

பதினான்கில் எதுவும் இல்லாதவர்கள் பதினேழு பேர். அவர்கள் சும்மா இருந்திருக்கலாம். திருத்தத்தின் கீழே, சரிபார்த்தவர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் போடலாம், போட்ட பெயருக்கெல்லாம் பிழை ஏறும். ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். பிரஷ்நீல் மட்டும் போடவில்லை. அவனுக்கு மூன்று மாதக் குழந்தை, வீட்டுக் கடன். எழுந்து கழிப்பறைக்குப் போனான். வந்து உட்கார்ந்து தன் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை.

சுவரில் தொங்கும் பலகையில் பிழைகள் சிவப்பில் ஏறும். வழக்கமாக ஒன்றோ இரண்டோ. அன்று அது சிவந்துகொண்டே போனது. டெரன்ஸ் தன் அறைக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"என்ன நடக்குது இங்க? உங்க பிழைய நீங்களே எழுதறீங்களா? பைத்தியம் புடிச்சிருச்சா?"

"நாங்க பண்ணின பிழைதான, பாஸ்?" என்றாள் உனைசி. "வேற யார் எழுதுவா?"

"இத ஆரம்பிச்சது யாரு?" பிரஷ்நீலைப் பார்த்தார். "நீ சேரலல்ல? சொல்லு. யாரு?"

பிரஷ்நீல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் கழிப்பறையில இருந்தேன், பாஸ்."

டெரன்ஸ் என்னைப் பார்த்தார். "முதல் கேள்வி என்னோடதுதான், பாஸ்," என்றேன். அதற்குள் வசிதி எழுந்து நின்றாள். "முதல் திருத்தம் என்னோடது." கெலெபியும் எழுந்தான். நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"மேனிலாவுல இதே வேலைய மூணு நிமிஷத்துல செய்ய ஆள் இருக்காங்க," என்றார் டெரன்ஸ். "நாளைக் காலைல உங்க அட்டைக்குக் கதவு திறக்காது."

"சரி பாஸ்," என்றான் கெலெபி. "குளிராவது மிச்சம்."

மறுநாளும் ஐந்து மணிக்கு வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. உனைசி முதலில் அட்டையைக் காட்டினாள். சிவப்பு. வசிதி. சிவப்பு. இருபத்தைந்து பேரும் ஒவ்வொருவராகக் காட்டினோம். தெரிந்தே காட்டினோம். பிறகு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தோம். அழுத்தமாகப் பேசக்கூடியவர் தொழிற்சங்க அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், எட்டு மணிக்குத் திறப்பார்கள் என்று உனைசி சொன்னாள்.

கடைசியாகப் பிரஷ்நீல் வந்தான். குடையை மடக்கினான். அவன் அட்டைக்குப் பச்சை எரிந்தது. கதவைத் திறந்தான். திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயும் போகவில்லை, மூடவும் இல்லை. குளிர் காற்று படிக்கட்டில் இறங்கி எங்கள் கால்களில் பட்டது.

ஆறரை மணிக்குக் கெலெபியின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் வசிதியைப் பார்த்தான். அவள் எழுந்து இரண்டு படி கீழே இறங்கி, முகத்தைத் துறைமுகத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

கெலெபி கேட்டுவிட்டு எங்களிடம் தணிந்த குரலில் சொன்னான். நேற்று மாலை ஆறு பேரும் ஒரே காரில் ஏறி, மூன்று மணி நேரம் ஓட்டி, வேறொரு ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். உள்ளே விசாரித்த நர்ஸ் ஒரு பெண். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். இலைதியா தலையைக் குனிந்துகொண்டு, எங்கே என்று சரியாகச் சொன்னான். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அதையும் அவனே சொன்னான், எழுதிக்கொள்ளச் சொன்னான். ஆறு பேருக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வர நாளாகும். சனிக்கிழமை விமானம் ரத்தாகவில்லை. எங்கள் பதினான்கு திருத்தங்களுக்கும் யாரும் பதில் எழுதவில்லை.

வசிதி திரும்பாமலே கேட்டாள். "சாப்பிட்டானாமா?"

கெலெபி போனில் கேட்டான். "இல்லயாம். பசிக்குதாம்."

அவள் கீழே கடையில் அன்று காலை வாங்கிய ரொட்டியைப் பையிலிருந்து எடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. இரண்டாகப் பிய்த்தாள். படியேறி வந்து ஒரு பாதியைப் பிரஷ்நீலிடம் நீட்டினாள். அவன் கதவைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டான்.